மைனஸ் பதினெட்டில் திம்மராயன்

ஆறடி மூன்று அங்குலம் என்று போட்டேன்.
கேட்பதற்கு ஆளில்லை.
தொண்ணூற்றாறு கிலோ, இடது கை ஆட்டம், தடுப்பு வரிசை.
பிறந்த ஊர் என்ற கட்டத்தில்
போச்சம்பள்ளி.
பட்டியலில் அதற்கு மேலே ஒரு பின்லாந்து ஊர்,
கீழே ஒரு கனடா ஊர்.
பனி என்றால் எங்களுக்கு
மார்கழிக் காலையில் பைக் சீட்டில் துடைப்பது.

இரண்டு மணிக்கொருமுறை எழுந்து போய்
குளிர்க்கிடங்கின் முள்ளைப் பார்த்துப்
பேரேட்டில் எழுதுவது என் வேலை.
மைனஸ் பதினெட்டு.
மைனஸ் பதினெட்டு.
பதினேழரை என்றால்
எலக்ட்ரீஷியன் சாதிக் பாட்சாவை எழுப்ப வேண்டும்.
உள்ளே டிரம் டிரம்மாகப் பெங்களூராக் கூழ்,
போன வருஷத்து வெயில் கல்லாகி நிற்கிறது.
கதவோரம் விரலகலத்துக்கு ஐஸ் கட்டியிருக்கும்.
பூட்ஸோடு ஒருமுறை வழுக்கிப் பார்த்தேன்,
அவனுக்காக.

இந்த ஆட்டத்தை யாரும் ஆடுவதில்லை.
இரவு ஒன்றரைக்கு எங்கோ ஒரு கணினி
எல்லாருடைய எண்களையும் அள்ளிச்
சோழி மாதிரி உருட்டுகிறது.
பிறகு வரிவரியாக வரும்:
பதினோராவது நிமிடம், திம்மராயன் மோதினார்.
பதினான்காவது நிமிடம், திம்மராயன் வட்டை இழந்தார்.
பதினான்காவது நிமிடம், எதிரணி கோல்.
அந்த 'ஆர்' நான் போட்டுக்கொள்வது.
அவர்கள் மொழியில் அவன் வெறும் அவன்தான்.

சித்திரையில் சேர்ந்தான்.
இருபது ஆட்டம், கோல் இல்லை.
அவன் களத்தில் நிற்கையில் அடித்ததையும் வாங்கியதையும் கழித்தால்
மைனஸ் பதினான்கு.
கிடங்கைவிட நாலு டிகிரிதான் சூடு.

வாரம் ஆறு புள்ளி தருவார்கள், வளர்த்துக்கொள்ள.
வேகத்துக்கு மூன்று வைத்தேன், வலுவுக்கு மூன்று.
கோபத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.
எனக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்து
அதில் பத்தைக் குறைத்து வைத்தேன்.
அணி மேலாளர் யூஹானி, அங்கே பஸ் ஓட்டுகிறாராம்,
பையன் மெதுவாக வருவான் என்று எழுதினார்.
என்னையும் பையன் என்றே நினைத்திருக்கிறார்.
திருத்தவில்லை.

ஆனியில் காய் குவிந்தது.
காவேரிப்பட்டணம் சாலை வரைக்கும் லாரி.
பேரேட்டோடு தரம்பிரிக்கவும் நிறுத்தினார்கள்,
பதினாறு மணிநேரம்,
மாம்பால் பட்டு மணிக்கட்டெல்லாம் புண்.
பதினேழு நாள் அவனைத் திறக்கவேயில்லை.
புள்ளிகள் வந்து கிடந்து காலாவதியாயின.

பதினெட்டாம் நாள், பஸ்ஸுக்கு நிற்கையில் திறந்தால்
முப்பத்தொன்றாவது ஆட்டம், மூன்றாம் பகுதி,
திம்மராயன், கோல்.
உதவியவர்: எவருமில்லை.
அடித்து ஒன்பது நாளாகியிருந்தது.

அன்றிரவே பேரேட்டைப் பின்னால் புரட்டினேன்.
அந்தத் தேதியில், இரண்டு மணிக் கட்டத்தில்,
என் கிறுக்கல் கையெழுத்து:
மைனஸ் பதினேழரை.
கம்ப்ரசரைத் திட்டிக்கொண்டே
சாதிக் பாட்சாவை எழுப்ப ஓடியிருக்கிறேன்.

அவ்வளவுதான் அவன் கணக்கு.
ஐம்பத்திரண்டு ஆட்டம், ஒரு கோல், ஏழு உதவி,
மைனஸ் இருபத்திரண்டு.
பதினான்கு அணிகளில் நாங்கள் பதினொன்று.
சிறந்த புதுமுகம் பட்டம் பிரேசிலில் எவரோ செய்த
ஒரு குள்ளனுக்குப் போனது. நல்ல ஆட்டக்காரன், சொல்லத்தான் வேண்டும்.
இவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த
'புது' என்ற குறியை எடுத்துவிட்டார்கள்.
வயது தானாகவே இருபது ஆகியிருக்கிறது.
பிறந்தநாள் என்று நான் எதையும் கொடுத்ததில்லை.

யாருக்கு இந்த நேரத்துல மெசேஜ், என்கிறார் சாதிக் பாட்சா,
ஸ்க்ரூ டிரைவரால் முதுகு சொறிந்தபடி.
ஊர்ப் பையன்.
வேலை இல்லையா அவனுக்கு?
சீசன் முடிஞ்சிடுச்சு.
நமக்குந்தான், என்கிறார்.
அடுத்த வாரம் யார் யாரை வைத்துக்கொள்வார்கள் என்று
பட்டியல் ஒட்டுகிறார்களாம்.

புதிதாக ஆறு புள்ளி வந்திருக்கிறது.
வேகமாகப் போகிறான், மோதுகிறான்,
திரும்பத்தான் தெரியவில்லை அவனுக்கு.
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
மணி நாலாகப் போகிறது.
முள்ளைப் பார்க்க வேண்டும்.